பாதயாத்திரையும் பாத நலமும்

தை மாதம் பிறந்துவிட்டால் கோவை மாநகரின் காந்திபுரத்துச் சாலைகளில் விடியற்காலையிலேயே 'அரோகரா' முழக்கம் கேட்கத் தொடங்கும். பச்சையும் காவியும் உடுத்த அன்பர்கள் தோளில் காவடியும் முதுகில் சிறு மூட்டையுமாகக் குழுக் குழுவாகத் தெற்கு நோக்கி நடந்து செல்வர். உக்கடம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் என ஊர்களைக் கடந்து பழனி அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமியின் திருவடியைச் சென்றடைய 100 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பங்குனி உத்திரத்தின்போது கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடந்துவரும் தீர்த்தக் காவடி அன்பர்களும் கொங்கு நாட்டில் எண்ணற்றோர்.

ஓர் அடிக்கு முக்கால் மீட்டர் என்று கணக்கிட்டாலும், 100 கிலோமீட்டருக்கு ஒரு இலட்சத்து முப்பதாயிரம் அடிகளுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையையும் தாங்குவது பாதமே. ஆயினும் முகத்திற்கும் தலைமுடிக்கும் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் பாதத்திற்குக் காட்டுவோர் சிலரே. உடம்பைப் பேணுதலும் இறைநெறியின் ஒரு கூறே என்பது திருமூலர் காட்டிய வழி. திருவடியைத் தேடிச் செல்லும் அடியார் தம் அடிகளைப் பேணும் முறையை அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட தசைநாண்களும் பிணைப்புத் தசைநார்களும் உள்ளன. இவை ஒன்றுகூடி, கட்டடத்தின் வளைவுகளைப் போல மூன்று வளைவுகளை அமைத்து எடையைப் பகிர்ந்து தாங்குகின்றன. உள்ளங்காலின் தோல் உடலிலேயே மிகத் தடித்தது. அதில் வியர்வைச் சுரப்பிகள் நிறைந்துள்ளன. ஆனால் எண்ணெய்ப் பசையைத் தரும் சுரப்பிகள் இல்லை. ஆதலால் பாதம் எளிதில் வியர்க்கும். எளிதில் வறண்டும் போகும். பாதத்தில் தோன்றும் குறைகள் பலவற்றுக்கு இவ்விரு தன்மைகளே அடிப்படை.

குதிகால் வெடிப்பு

மக்கள் இதனைப் 'பித்தவெடிப்பு' என்பர். பித்தம் என்ற பெயர் இருப்பினும், பெரும்பாலும் இதற்குக் காரணம் வறட்சியும் அழுத்தமுமே. எண்ணெய்ப் பசையற்ற குதிகால் தோல் காய்ந்து தடிக்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் குதிகாலின் சதை பக்கவாட்டில் விரிய, நெகிழ்ச்சி இழந்த தோல் பிளக்கிறது. மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்றில் இது மிகுதியாகத் தோன்றுவதும், வெறுங்காலுடன் நடப்போர்க்கும் நெடுநேரம் நிற்போர்க்கும் அதிகமாக இருப்பதும் இதனாலேயே.

இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கால்களை வைத்திருந்து, பாதம் தேய்க்கும் கல்லால் மென்மையாகத் தேய்த்து, ஈரத்தை ஒற்றி எடுத்தபின் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் இரண்டு மூன்று வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். யூரியா கலந்த களிம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதுவும் பயன் தரும். பிளேடால் தோலைச் சீவுதல் தீங்கானது. வெடிப்பில் இரத்தம் கசிந்தாலும், சீழ் வைத்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கால்களை நீரில் ஊற வைத்தலும் கல்லால் தேய்த்தலும் கூடாது. காரணம் பின்னர் விளக்கப்படும்.

கொப்புளம்

உராய்வு, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் சேருமிடத்தில் கொப்புளம் உண்டாகிறது. தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிய, இடையே நீர் கோக்கிறது. அந்த நீர், கீழே புதுத்தோல் வளரும் வரை அதனைக் காக்கும் மெத்தையாகும். ஆகவே சிறு கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணிக்கட்டோ பிளாஸ்திரியோ இட்டு விட்டுவிடுதலே சிறந்தது.

நடக்க இயலாதபடி பெரிதாக வலிக்கும் கொப்புளமாயின், அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே விட்டுக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல், காப்பித்தூள் முதலியவற்றை அப்புவது புண்ணைப் பழுக்கச் செய்யும். பயணத்திற்கென்று புதிய செருப்பு வாங்கி அன்றே அணிந்து புறப்படுவது கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். குறைந்தது மூன்று வாரமாவது அணிந்து பழகிய செருப்பே வழித்துணை.

குதிகால் வலியும் கெண்டைக்கால் இழுப்பும்

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போன்ற வலி, சிறிது நடந்தபின் குறைந்துவிடும் வலி, நெடுநேரம் அமர்ந்து எழும்போது மீண்டும் தோன்றும் வலி ஆகியவை ஒரே நோயின் அறிகுறிகள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை உள்ளங்காலில் விரிந்து கிடக்கும் தடித்த தசைநார்ப் பட்டை ஓயாத இழுவிசையால் பழுதடைவதே இதற்குக் காரணம்.

காந்திபுரம் கிராஸ்கட் சாலையின் துணிக்கடைகளிலும், கோவையின் நூற்பாலைகளிலும், பட்டறைகளிலும் நாள் முழுவதும் நின்று பணிபுரிவோர்க்கு இவ்வலி புதியதன்று. கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. இடையிடையே சிறிது நேரம் அமர்வதே இவ்வலிக்குப் பாதி மருந்து.

மீதிப் பாதி மருந்து எளிய பயிற்சியாகும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னோக்கிச் சாய்ந்து முப்பது நொடி நிற்க வேண்டும். இதனை மூன்று முறை, நாளுக்கு இருவேளை செய்யலாம். காலையில் எழுமுன் படுக்கையிலேயே கால்விரல்களைக் கையால் பற்றித் தம் பக்கமாக இழுத்தல், குளிர்ந்த நீர் நிரப்பிய பாட்டிலை உள்ளங்காலின் கீழ் வைத்து உருட்டுதல் ஆகியவையும் உதவும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவது நல்லது. பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில், மிஞ்சிப்போனால் ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சையின்றியே குணமாகும்.

இரவில் திடீரென்று கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால், முழங்காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால் இழுப்பு விடும். பின்னர் மெல்ல நீவிவிடலாம். ஒரே காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி, சூடாகி, ஓய்வெடுத்தும் வலி தணியாவிடில் அது சாதாரண இழுப்பன்று. இரத்தநாளத்தில் உறைகட்டி இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அக்காலை நீவுதல் கூடாது.

சேற்றுப்புண்

வழியில் ஆற்றிலும் வாய்க்காலிலும் நீராடும் அன்பர்கள் தலையைத் துவட்டுவர். கால்விரல் இடுக்கைத் துவட்டுவோர் அரியர். அவ்விடுக்கில் தங்கும் ஈரத்தில் காளான் வகைக் கிருமி வளர்ந்து, தோல் வெளுத்து, அரித்து, வெடிக்கிறது. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக உலர்த் துணியால் துடைத்தலே தடுப்பு முறை. குளோட்ரிமசோல் களிம்பைக் காலை மாலை தடவினால் குணமாகும். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தினால் மீண்டும் வரும். மேலும் ஓரிரு வாரம் தடவ வேண்டும். மேலே கூறிய வாசலினையும் எண்ணெயையும் விரல் இடுக்கில் தடவுதல் கூடாது. அங்கு வேண்டுவது உலர்ச்சியே.

வலி என்னும் காவலன்

இதுவரை கூறியவை வலிக்கும் குறைகள். வலிக்காத குறையே இவை அனைத்தினும் கொடியது. அதனை உலகுக்கு உணர்த்திய மருத்துவர் ஒருவர் தமிழ் மண்ணில், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது கொங்கு நாட்டார் அறிய வேண்டிய செய்தி. அவர் டாக்டர் பால் பிராண்ட். அவர்தம் ஆங்கிலேயப் பெற்றோர் அம்மலையில் தொண்டாற்றி வந்தனர்.

1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்ற அக்கால நம்பிக்கையை ஐயுற்றார். நோயாளிகளை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுகிறது. வலி அறியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கின்றனர், ஆணி தைத்த காலுடன் நடக்கின்றனர். காயம் காயமாகவே அழிந்து விரல்கள் குறைகின்றன என்று கண்டறிந்தார். உறங்கும்போது எலி கடித்தும் உணராத நோயாளிகள் இருந்தனர். அதற்கு மருந்தாக அவர் கொடுத்தது பூனைகளை!

உணர்விழந்த பாதங்களுக்கென நுண்துளை ரப்பரால் மெத்தென்ற செருப்புகள் வேலூரில் உருவாக்கப்பட்டன. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்ற பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது அவ்வகைச் செருப்பே. பின்னர் அமெரிக்கா சென்ற பிராண்ட், நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே பாடம் பொருந்தும் என்று காட்டினார். 2003ஆம் ஆண்டு மறையும் வரை, வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த கொடை என்றே அவர் வலியுறுத்தி வந்தார்.

நீரிழிவு உள்ள அடியார்கள் கவனத்திற்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடிப் பேர் என்று அது மதிப்பிட்டது. ஆகவே காவடி எடுத்துச் செல்லும் ஒவ்வொரு குழுவிலும் நீரிழிவு உள்ளவர் இருப்பார் என்றே கொள்ள வேண்டும். அதனைத் தாமே அறியாதவரும் இருக்கக்கூடும்.

பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் மூன்று கேடுகள் பாதத்தில் ஒன்றுகூடுகின்றன. நரம்பு நலிந்து உணர்வு குறைகிறது. இரத்தநாளங்கள் சுருங்கி இரத்த ஓட்டம் குறைகிறது. கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது. நண்பகலில் தார்ச்சாலை கொதிக்கும்போது மற்றவர் துள்ளி ஓரத்து நிழலுக்கு ஓடுவர்; இவரோ ஒன்றும் அறியாமல் நடப்பார். அதைக் கண்டு, 'முருகன் அருளால் இவருக்குச் சூடே தெரியவில்லை' என்று உடன்வருவோர் வியப்பதுண்டு. அது வியப்பதற்கு உரியதன்று. எச்சரிக்கை மணி அறுந்துபோனதன் அடையாளம். மாலையில் பார்த்தால் உள்ளங்கால் முழுதும் தீக்கொப்புளம். அது புண்ணாகி, எலும்பு வரை ஊடுருவி, விரலையோ காலையோ அகற்ற நேர்ந்த குடும்பங்கள் ஊர்தோறும் உண்டு.

உணர்வு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. நீரிழிவு உள்ளவர் கண்களை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டார் ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் அவரது இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் ஒவ்வொன்றாக ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்துதலோ தட்டுதலோ வருடுதலோ கூடாது. தொட்டதை உணர்ந்ததும் அவர் 'வலது' அல்லது 'இடது' எனக் கூற வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் உணரவில்லையெனில் உணர்விழப்பு இருக்கக்கூடும். பயணத்திற்கு முன் மருத்துவரிடம் காலைக் காட்டுதல் இன்றியமையாதது.

அத்தகையோர் நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. இரவில் ஐந்து நிமிடம் பாதங்களைப் பார்வையிடுதல். குனிந்து பார்க்க இயலாதோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வீட்டாரும் பார்த்துச் சொல்லலாம்.
2. செருப்பை அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல், முள் உள்ளதா எனத் தடவிப் பார்த்தல்.
3. கால் கழுவும் நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறிதல். காலுக்கு வெந்நீர்ப் பையோ நெருப்பு அனலோ கொடாதிருத்தல்.
4. நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுதல்.
5. கால் ஆணியைத் தாமே அறுத்தலும், அதற்கு அமில மருந்து இடுதலும் கூடாது.
6. கொப்புளம் எத்துணைச் சிறிதாயினும் தாமே உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுதல்.

நடைப்பயணம் சர்க்கரை அளவைக் குறைக்கும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விரதத்தால் உணவும் குறைந்தால், அளவு மிகத் தாழ்ந்து நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றலாம். மடியில் குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ இருத்தல் வேண்டும். நோயுள்ளதைக் குழுவில் இருவருக்காவது சொல்லி வைத்தல் வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் சொற்படியே நடைபெற வேண்டும்.

வேண்டுதலும் செருப்பும்

வெறுங்காலுடன் வருவதாக வேண்டிக்கொண்டோர் மனத்தில், செருப்பணிந்தால் வேண்டுதல் பழுதாகுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. எனினும் காணிக்கையாகச் செலுத்த எண்ணியது நடையின் உழைப்பையே அன்றி, காலையே இழப்பதை அன்று. காலில் உணர்விழந்தோர் வழி முழுவதும் பாதுகாப்பான செருப்பணிந்து நடந்து, கோயில் எல்லையில் கழற்றிவிட்டு, வெயில் ஏறாத காலை வேளையில் தரிசனம் செய்யலாம். குழுவின் குருசாமியிடம் முன்னரே இதனைத் தெரிவித்தால் அவரே வழி கூறுவார். பழனி மலைமேல் செல்ல விஞ்ச்சும், 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரோப்காரும் உள்ளன. முதியோரும் நோயுற்றோரும் அவற்றைப் பயன்படுத்துவது குறையாகாது.

திருக்கோயில் பிராகாரங்களின் கருங்கல் தளம் நண்பகலில் கடுமையாகச் சுடும். விரிக்கப்பட்டுள்ள தென்னைநார்ப் பாயின் மீதே நடத்தல் நன்று.

புறப்படுமுன்

பயணத்திற்கு ஆறு வாரம் முன்பே பழகத் தொடங்குதல் வேண்டும். கோவை அன்பர்கள் பந்தயச் சாலை நடைபாதையிலோ தம் ஊர்த் தெருக்களிலோ நாளும் 2 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். இதயநோய், இரத்தக் கொதிப்பு, மூச்சிரைப்பு உள்ளோர் மருத்துவரின் இசைவு பெற்றே புறப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டு வெள்ளியங்கிரி மலையேறிய அன்பர்கள் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் உயிரிழந்த துயரம் இதனை நினைவூட்டும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் தங்கி, காலையிலும் மாலையிலும் நடக்கலாம். நீர்மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவை இழந்த நீரை ஈடுசெய்யும். கடைப் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்துகொள்ளலாம். நீரிழிவு, சிறுநீரகம், இதயம் சார்ந்த நோயுள்ளோர் இவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இரவில் நடப்போர் ஒளிரும் பட்டை அணிந்து சாலையோரமாகச் செல்ல வேண்டும்.

உடனே மருத்துவ உதவி வேண்டும் அறிகுறிகள்

காலில் சிவப்பும் வீக்கமும் பரவுதல், காய்ச்சலுடன் கூடிய புண், துர்நாற்றம், விரல் கறுத்தல் அல்லது நீலம் பாரித்தல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வெயிலில் நினைவு தடுமாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நடையை நிறுத்திவிட வேண்டும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். வெயிலால் நினைவு தடுமாறியவரை ஊர்தி வரும் வரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். வழியிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை அளவும் பார்த்துக்கொள்ளலாம்.

யாத்திரை வீடு திரும்பிய அன்றே முடிந்துவிடுவதில்லை. நடையில் பட்ட சிறு காயம் சில நாள் கழித்தே புண்ணாகித் தெரியும். ஆதலால் திரும்பிய பின்னும் இரண்டு வாரம் இரவுதோறும் பாதங்களைப் பார்வையிடுதல் வேண்டும். விளக்கேற்றி வழிபட்டபின், அவ்விளக்கொளியிலேயே வீட்டுப் பெரியவர்களின் பாதங்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுமாயின், பெரியவர்களை வணங்கியதாகவும் ஆகும். அவர்தம் கால்களைக் காத்ததாகவும் ஆகும். அடுத்த தைப்பூசத்திற்கும் அப்பாதங்கள் நலமுடன் நடந்து வருமாக.